வால் முளைக்கட்டும்

"அக்கா, எம் மீனுக்கு வாலக் காணோம்!"

கட்டில் கட்டிலாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டு போன நான், கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கூப்பிட்டவள் சிவகாமி. ஏழு வயதிருக்கும். விலாவில் ஒரு ரப்பர்க் குழாயும், அதன் மறுமுனையில் கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடிப் போத்தலுமாக, எழுந்து நடமாட முடியாமல் கிடந்த பிள்ளை. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சுவரோரம் இருந்த மீன் தொட்டி அவளுக்கு நேராகத் தெரியும்.

தொட்டியின் மூலையில், கூழாங்கற்களோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய தங்க மீன் சாய்ந்து நின்றது. முந்தின சாயங்காலம் வரை முந்தானைபோல் விரிந்து அலைந்த வால், எலி கடித்த துணியாகக் கிழிந்து, அடிக்கட்டை மட்டும் மிச்சமிருந்தது. அதைத் தாண்டி, உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை போட்ட புலி மீன்கள் மூன்று, ஒன்றும் அறியாதவைபோல் உலாத்திக்கொண்டிருந்தன.

தங்க மீனுக்கு அவள் 'ராசாத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு அது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தலை உயர்ந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பனிமூட்டம். உள்ளே பினாயிலும் கஞ்சியும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. குன்னூர் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாடைதான்.

"செத்துருமாக்கா?" என்றாள் சிவகாமி.

நான் தொட்டிக்குள் கையை விட்டுப் புலி மீன்களை விரட்டினேன்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் மண்டபம் முகாமில் ரயிலேறியதோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி பார்த்தால் அடுத்து மேட்டுப்பாளையத்தில் இறங்கியதையும், மலையேறியதையும் சொல்ல வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த வாலில்லாத மீன்தான் முதலில் வந்து நிற்கிறது. வந்ததை விரட்டுவானேன்? அதையே சொல்கிறேன்.

'வருத்தம்' தந்த வேலை

நாங்கள் சிலோனிலிருந்து வந்த வருஷங்களில் மலைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் தம்பியும் அங்கே. லயம் என்கிற வரிசை வீடுகள் கட்டி முடியவில்லை. தகரக் கொட்டகையில் குளிர் காலம். பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளி கட்டாத வீடு இல்லை.

தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது என் கையில் கத்தி பட்டுவிட்டது. கட்டுப் போட்டுக்கொள்ள குன்னூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருத்தி, கைக்குழந்தையோடு.

"ஐயா, புள்ளைக்கு ரெண்டு நாளா வருத்தம்" என்றாள்.

கம்பவுண்டர் நல்ல மனிதர். "கைப்புள்ளைக்கு என்னம்மா வருத்தம்? நீதான் வருத்தப்படற. போய் உக்காரு, எல்லாஞ் சரியாப் போகும்" என்று அனுப்பிவிட்டார்.

அவள் ஒன்றும் புரியாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பொறுக்க மாட்டாமல், "ஐயா, எங்க ஊருல வருத்தம்னா சீக்கு. புள்ளைக்குக் காய்ச்ச அனலாக் கொதிக்குது, தொட்டுப் பாருங்க" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா எழுந்து வந்தார். முதலில் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உன் பேர் என்ன?"

"பாக்கியம்."

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எட்டு வரைக்கும் படிச்சேன்."

"இங்கேயே இருந்துடறியா? உங்க ஜனங்க சொல்றது பாதி எங்களுக்கு விளங்க மாட்டேங்குது."

இப்படித்தான் நான் பிள்ளைகள் வார்டில் ஆயாவானேன். ஒரே ஒரு சொல் வாங்கிக் கொடுத்த வேலை. அந்தக் கைக்குழந்தை பிழைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் மனம் அங்கேயே நின்றுவிடும்.

தங்கியது நர்ஸ் சரஸ்வதி அக்காவின் அறையில். காரமடைக்காரர். வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு, "பாண் கிடைக்குமா அக்கா?" என்று கேட்டேன். ரொட்டியைத்தான் நாங்கள் பாண் என்போம். அவர் தேடித் தேடி அலுத்து, "பானை எதுக்குப் புள்ள உனக்கு?" என்றார். விஷயம் தெரிந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். ஊரை விட்டு வந்தபிறகு, என்னை வைத்து ஒருவர் சிரித்து அது எனக்குச் சுடாமலிருந்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொருவருக்கும் ஒரு மீன்

தொட்டி டாக்டரம்மாவின் ஏற்பாடு. ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜர் வீட்டிலிருந்து வந்தது. நெஞ்சில் சளியும் சீழும் கட்டிய பிள்ளைகள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சீழ் வடிய விலாவில் குழாய் போட்டபிறகு, ஒரு தம்ளர் தண்ணீரில் சின்னக் குழாயை விட்டு மூச்சுப் பிடித்து ஊதி ஊதிக் குமிழி விட வேண்டும். அமுங்கிய நுரையீரல் அப்படித்தான் விரியும். ஆனால் வலிக்கும். எந்தப் பிள்ளை ஊதும்?

தொட்டிக்குள் காற்றுக் குழாயிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்புவதைப் பார்த்ததும் ஊத ஆரம்பித்தார்கள். "மீனுக்குப் போட்டியா ஊது பாக்கலாம்" என்பார் சரஸ்வதி அக்கா. சிவகாமிதான் அதில் கெட்டிக்காரி. "எனக்கும் போத்தல்ல தண்ணி, மீனுக்கும் போத்தல்ல தண்ணி" என்று ஒரு பெருமை வேறு.

முதல் மீன்களை வேன் டிரைவர் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்தார். கண்ணுக்கு அழகாக எது எது இருந்ததோ அதில் எல்லாம் கொஞ்சம். இறக்கை விரித்த ஏஞ்சல், மைபோல் கறுத்த மோலி, பட்டை போட்ட புலி மீன், ஒரு தங்க மீன். வந்த அன்றே பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மீன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எங்களுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதிலுள்ள ஆபத்து அப்போது தெரியவில்லை.

சில நாளில் ஏஞ்சல்கள் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி போட்டு மிதந்தன. பின்னாலேயே மோலிகள். சரஸ்வதி அக்கா ஆஸ்பத்திரிக்காரர் அல்லவா, ஒரு மீன் செத்தால் தொட்டி முழுவதையும் கொட்டிக் கவிழ்த்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து வைப்பார். அடுத்த வாரம் இன்னொன்று சாகும். யாருடைய மீன் செத்ததோ அந்தப் பிள்ளை அன்றைக்கு வாய் திறக்காது. கஞ்சிக்கும் சரி, மருந்துக்கும் சரி.

அந்த நேரத்தில்தான் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பையன் இறந்துபோனான். பேர் வேண்டாம். அவன் தாயும் தகப்பனும் எங்கேயாவது இருந்து இதைப் படிக்கக்கூடும். காய்ச்சல் முற்றிக் கொண்டுவந்த பிள்ளை. டாக்டரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் காப்பாற்ற முடியவில்லை. விரிப்பை மாற்றினோம். கட்டில் காலியாகவே கிடந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த காலைதான், ராசாத்திக்கு வால் போன காலை.

பல்லிக்கு முளைக்குதில்ல?

"செத்துருமாக்கா?" என்று அவள் கேட்டாளே, அப்போது சரஸ்வதி அக்கா ஊசி போடும் தட்டோடு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். சிவகாமியைப் பார்த்தார்.

"அதெதுக்குச் சாகுது கண்ணு? வாலுதான போச்சு. மறுக்கா மொளைக்கும்."

"நெசமாவா?"

"பல்லிக்கு மொளைக்குதில்ல? அந்த மாதிரித்தான்."

நாங்கள் ராசாத்தியை மட்டும் ஒரு அகலமான கண்ணாடி ஜாடியில் எடுத்து, சிவகாமியின் தலைமாட்டு மேசையில் வைத்தோம். வராந்தாவுக்கு வந்ததும் நான் கேட்டேன்: "அக்கா, மீனுக்கு வால் மொளைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? பல்லி வாலுதான் நான் பாத்திருக்கறேன்" என்றார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகாமியின் அம்மா மாரியாயி வந்தாள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்தான். புருஷன் இல்லை, கப்பலேறுவதற்கு முந்தியே போய்விட்டான். ஜன்னலோரக் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. தொட்டியில் அன்று காலை செத்து, நாங்கள் இன்னும் எடுத்திராத கடைசி மோலி மிதப்பதையும் பார்த்தாள். பிள்ளையின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா செய்றீங்க?" என்றேன்.

"கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி."

"விலாவுல குழாய் இருக்கு. இப்ப எடுத்தா சீழ் உள்ளேயே நின்னுரும்."

"மீனுகூடப் பொழைக்காத எடத்துல எம் புள்ளய எப்பிடி விட்டுட்டுப் போறது? எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். சாகிறதுன்னா ஏம் மடியில சாகட்டும்."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். நான் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். டாக்டரம்மா வந்து எவ்வளவோ சொன்னார். மாரியாயி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே துணியை மடித்தாள்.

கடைசியில் பேசியவள் சிவகாமி.

"நான் வரல."

"ஏன்டி?"

"ராசாத்திக்கு வால் மொளைக்கட்டும். அப்பறமா வாரேன்."

மாரியாயி ஜாடியைப் பார்த்தாள். வாலில்லாத மீன் அடியில் நின்று செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் போட்ட பிள்ளையை எப்படிப் பிய்த்து எடுப்பது?

"சரி. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அந்தத் தொட்டியை எடுத்துடுங்க. நான் நல்லதுன்னு நெனைச்சேன். மீன் வளர்க்க எனக்குத் தெரியல. இந்தப் பிள்ளைங்க இனி ஒண்ணு செத்து மிதக்கறதைப் பார்க்க வேண்டாம்."

"தொட்டிய எடுத்தா எல்லா மீனும் செத்துப் போச்சுன்னுதானுங்க நெனைக்கும். ஊதறதையும் உட்டுருமுங்க" என்றார் சரஸ்வதி அக்கா. "நாங்களே நேர்ல போய்க் கேட்டு, ஒத்துப்போற மீனாப் பாத்து எடுத்துட்டு வாரமுங்க. ஒரே ஒரு தடவ."

 "வேன் கிடைக்காது. பஸ்லதான் போகணும்" என்றார் டாக்டரம்மா.

சந்துக்குள் ஒரு கடை

புலி மீன்கள் மூன்றையும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். மலையிறங்க இறங்க நான் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். ரயிலில் வந்தபோது பார்த்த சமவெளியை அதற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். வெயிலை இவ்வளவு மறந்துபோயிருக்கிறோமே என்று தோன்றியது.

கடை கோயமுத்தூரில் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வீட்டின் முன்னறையே கடை. சுவர் முழுக்கத் தொட்டிகள். புருஷனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள்.

"வாங்க வாங்க" என்றார் அவர். "புதுசா ஏஞ்சல் வந்திருக்குதுங்க. ஃபைட்டர் பாக்கறீங்களா? செவப்பு, ஊதா ரெண்டும் இருக்குதுங்க."

உள்ளேயிருந்து அந்தம்மா ஈரக்கையோடு வந்தார். "ஏனுங்க, சித்த இருங்க. தொட்டி எங்கீங்க இருக்குது?"

"குன்னூர்லீங்க" என்றார் சரஸ்வதி அக்கா.

"தண்ணியச் சூடு பண்ற கம்பி போட்டிருக்கறீங்களா?"

"இல்லீங்க. கரண்டே அடிக்கடி போயிருதுங்க."

"அப்ப ஏஞ்சலும் வேண்டாம், மோலியும் வேண்டாம். அந்தக் குளுருல வெள்ளப் புள்ளி போட்டுச் செத்துருமுங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் ஒரு தொட்டியிலிருந்த பெரிய மீனைக் காட்டினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. "அது பெருசாகும். வாய்க்குள்ள போற அளவுக்கு எது இருந்தாலும் முழுங்கீரும்" என்றார் அந்தம்மா. சரஸ்வதி அக்கா ஃபைட்டரைக் காட்டினார். "நீள வால் எதக் கண்டாலும் பாயுமுங்க."

"எதக் கேட்டாலும் வேண்டாம்ங்கறயே, அப்பறம் கடைய எதுக்குத் தொறந்து வெச்சிருக்கறது?" என்றார் புருஷன்.

"செத்த மீனத் தூக்கிட்டு நாளைக்குச் சண்டைக்கு வருவாங்கல்ல, அப்ப நீங்க உள்ள போய் ஒளிஞ்சுக்குவீங்க. நான்தான நிக்கோணும்?"

அவர் சிரித்துக்கொண்டே தினத்தாளை விரித்துவிட்டார்.

நான் தூக்கைத் திறந்து புலி மீன்களைக் காட்டினேன். "இதுக கெட்ட மீனுங்களா?"

"கெட்டதெல்லாம் இல்லீங்க. அதுக்குத் தொணை பத்தல. ரெண்டு மூணா உட்டா அடுத்ததோட வாலப் புடிச்சு இழுக்கும். பத்துப் பதினஞ்சு ஒண்ணா இருந்தா அதுகளுக்குள்ளயே தொரத்தி வெளையாடிக்கும். எங்கட்டக் குடுத்துருங்க" என்று வாங்கி, அதே பட்டை மீன்கள் நிறைந்த ஒரு தொட்டியில் விட்டார். எது எங்களுடையது என்று அடுத்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

கேட்கத்தான் வந்தோம் என்றாலும், கேட்க வேண்டியதைக் கேட்க இருவருக்குமே பயமாக இருந்தது. கடைசியில் சரஸ்வதி அக்காதான் கேட்டார். 

"ஏனுங்க, தங்க மீனுக்கு வால் போச்சுன்னா... மறுக்கா மொளைக்குமுங்களா?"

"அடிக்கட்ட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பறமென்ன? மொளைக்குமுங்க. கடிக்கறது எதுவும் கூட இருக்கக் கூடாது. தண்ணி சுத்தமா இருக்கோணும். ஒரு சிட்டிகை கல்லுப்புப் போடுங்க. மொதல்ல கண்ணாடியாட்டம் ஓரத்துல தெரியும், அப்பறம் நெறம் வரும்."

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் சரஸ்வதி அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு மீன் வாலுக்கு இப்படி அழுவார்களா என்று அந்தம்மா பயந்துபோனார். நான் விஷயத்தைச் சொன்னேன். குழாய், போத்தல், மாரியாயி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம்.

புருஷன் தினத்தாளை மடித்து வைத்தார். அந்தம்மா வலையை எடுத்தார்.

அவர் பிடித்துக் கொடுத்தவை வரிமீன்கள். விரல் கணுவளவுதான் இருக்கும். வெள்ளி உடம்பில் நீளவாட்டில் நீலக் கோடு. ஏஞ்சலுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "இது நம்மூரு ஓடையிலயே ஓடற சாதிங்க. குளுரு தாங்கும். கூட்டமா இருந்தா அதும்பாட்டுக்கு அதும் ஓடும். தங்க மீனோட வம்புக்குப் போகாது, அதுக்கு இத எட்டிப் புடிக்கவும் முடியாது. இப்பக் கொஞ்சந்தான் தருவேன். புதுத் தொட்டி, தண்ணி இன்னும் பழகல. அடுத்த மாசம் வந்து மீதிய வாங்கிக்குங்க."

"தண்ணி பழகறதா? நான் வாராவாரம் சோப்புப் போட்டுக் கழுவறனுங்களே" என்றார் சரஸ்வதி அக்கா.

அந்தம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சோப்பா! அய்யோ சாமி. அதென்ன சோத்துப் பானைங்களா? கொஞ்சமா எடுத்துட்டுக் கொஞ்சமா ஊத்துங்க. பாதிக்கு மேல மாத்தாதீங்க."

எனக்கு ஒரே ஒரு குறை. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. எது யாரோடதுன்னு புள்ளைங்க எப்பிடிக் கண்டுபிடிக்கும்?"

"கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றார் அந்தம்மா, மீன் விட்ட பிளாஸ்டிக் பையின் வாயை ரப்பர் போட்டு இறுக்கிக்கொண்டே.

பர்லியாரில் நின்ற பஸ்

மலையேறும் பஸ்ஸில் மீன் பையை மடியில் வைத்து, துண்டால் சுற்றி, குழந்தைபோல் அணைத்துக்கொண்டிருந்தேன். பர்லியார் நெருங்கும்போது மடி நனைவது தெரிந்தது. பை எங்கேயோ பொத்தல். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் தூக்கை, புலி மீன்களைக் கொடுத்த கையோடு, கடையிலேயே மறந்துவிட்டிருந்தோம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் கத்திய கத்தலில் டிரைவர் பதறிப்போய் ஓரங்கட்டினார்.

"என்னம்மா, வாந்தியா?" என்றார் கண்டக்டர்.

"மீனு! மீனு சாகப் போகுது!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்குக் கோபம். "மீனுக்கெல்லாம் பஸ்ஸ நிறுத்தறதா? ரைட், போலாம்!"

சரஸ்வதி அக்கா எழுந்து நின்றார். "ஏனுங்க, இது ஆஸ்பத்திரிக் கொழந்தைகளோட மீனுங்க. சீக்குக் கொழந்தைக பாத்துட்டு இருக்குதுங்க."

முன் சீட்டில், வெள்ளைத் தலைப்பாகையும் போர்வையுமாக ஒரு படகர் பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் மூடி போட்ட ஒரு போசிப் பாத்திரம். அதைத் திறந்து எங்கள் பக்கம் நீட்டினார். உள்ளே பாதிக்குக் குடிதண்ணீர். "எங்கூரு சுனைத் தண்ணி. இதுல விடு அம்மா" என்றார். அவர் தமிழில் படகர் பாஷையின் வாடை இருந்தது. பையின் அடியில் மிஞ்சிய தண்ணீரோடு மீன்களை மெல்ல அதில் சாய்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. போசிக்குள் நீலக் கோடுகள் ஓடுவதைப் பார்க்க, சற்று முன் சிரித்தவர்களெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டரும்தான்.

குன்னூரில் இறங்கும்போது, "போசியை எங்க ஐயா கொண்டுவந்து குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"கொழந்தைகளுக்குக் குணமாகட்டும்" என்று மட்டும் சொன்னார். அவர் கேட்டி ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

சிலோன்காரர்கள் வந்து இடத்தை அடைத்துக்கொண்டார்கள் என்று டீக்கடைகளில் பேச்சு அடிபட்ட காலம் அது. என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வருஷங்களை நினைக்கும்போது எனக்கு அந்தப் பேச்சுகளுக்கு முன்னால் இந்தப் போசிதான் வருகிறது. என்ன செய்ய, மனசின் அடுக்கு அப்படி.

வெங்காயத் தோல்

போசியைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றாகும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரை அதில் சேர்த்து, பிறகு சாய்த்தோம். வரிமீன்கள் ஒரே கூட்டமாகப் பாய்ந்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடின.

"எது அக்கா என்னுது?" என்று தொடை எலும்பு முறிந்து கிடந்த ஜெகதளா ஊர்ப் பையன் கேட்டான்.

"தெரியலயே கண்ணு."

அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒன்றைக் குறி வைத்தால் அது மற்றதோடு கலந்துவிடும். கடைசியில் அவன், "அப்ப எல்லாமே என்னுது" என்றான். "எனக்கும் எல்லாம்" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சச்சரவு அதோடு தீர்ந்தது. நான் குறை என்று நினைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. பின்னால் ஒன்றிரண்டு செத்தபோது, யாருடைய மீனும் சாகவில்லை.

ஜாடித் தண்ணீரில் உப்புப் போட்டோம். தினமும் காலையில் சிவகாமி கண் விழித்ததும் ஜாடியைத்தான் பார்ப்பாள். நாங்களும் அவளுக்குத் தெரியாமல் பார்ப்போம். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. சரஸ்வதி அக்கா ஊசி போடும்போது அவள் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார்.

வெள்ளிக்கிழமையாக இருக்கலாம். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த சரஸ்வதி அக்கா, "பாக்கியம், இங்க வா புள்ள" என்று கூப்பிட்டார். குரலே வித்தியாசமாக இருந்தது. கட்டை வாலின் ஓரத்தில், சின்ன வெங்காயத்தின் உள்தோல்போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மெல்லிய விளிம்பு.

சிவகாமி அன்று தம்ளரில் ஊதிய ஊதலில் விரிப்பெல்லாம் நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாரியாயி வந்தாள்.  மகள் ஜாடியைக் கையால் காட்டினாள். மாரியாயி குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கொழுந்து பறிக்கிற கண் அல்லவா, துளிரைக் கண்டுகொள்ளாமல் இருக்குமா? நிமிர்ந்து, முன்பு அடுக்கி வைத்த பையைத் திறந்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"இருந்து சொகமாகி வரட்டும் தங்கச்சி" என்றாள்.

மேடு

குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். எங்களுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தில் விளங்கியது.

நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணிப் பார்த்தால், பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. கடைக்காரம்மாவின் பெயரை இரண்டாம் முறை போனபோதும் கேட்க மறந்தேன். சரஸ்வதி அக்காதான் பிறகு டாக்டரம்மாவிடம் சண்டை போட்டு என்னை நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். அது தனிக் கதை. நான் வெள்ளை உடுப்புப் போட்டு நின்றதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிக் கேட்கப் போன அந்த இரண்டு பெண்களுக்கும் அதில் பங்குண்டு. அதில் ஒருத்தி நானே என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ராசாத்திக்கு வால் முளைத்து, சிவகாமியும் வீட்டுக்குப் போன நாள் மூட்டமில்லாத நாள். மழை பெய்து ஓய்ந்த மலை எதிரே பளிச்சென்று நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு விட்டு வர நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு செங்குத்தான மேடு. வரும்போது அந்த மேட்டில்தான் மாரியாயி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாளாம்.

இப்போதும் தூக்கிக்கொள்ளக் குனிந்தாள். சிவகாமி கையை உதறிவிட்டு ஓடினாள்.

"ஓடாதடி! மெதுவா!" என்று கத்திக்கொண்டே மாரியாயி பின்னால் ஓடினாள். பையோடு நானும் ஓடினேன். பாதி மேட்டில் எங்கள் இருவருக்கும் கால் நின்றுவிட்டது. இடுப்பில் கையை ஊன்றி நின்றோம்.

உச்சியில், வெயிலில், அவள் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது. நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கியது.

"ஏம்மா நிக்கிறீங்க? வாங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

மாரியாயி அந்த ஈர மேட்டிலேயே குந்தி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. எனக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.